மாத்திரையை எந்த நாளிலிருந்து நிறுத்தலாம்? யோகா கற்றுத்தரும் சக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆசிரியர்களுக்கு,

வணக்கம். திருச்சியில் ஒரு வாடகை வீட்டின் மொட்டைமாடியில், தகரக் கூரையின் கீழ், இருபத்திரண்டு ஆண்டுகளாக யோகா சொல்லித் தருகிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு வகுப்பு, ஏழு மணிக்குப் பெண்களுக்கு ஒன்று, மாலையில் வயதானவர்களுக்கு ஒன்று. என்னை இப்போது எழுத உட்கார வைத்தது, போன மாதம் செய்தித்தாளுக்குள் செருகி வந்த ஒரு நோட்டீஸ். 'ஒரே மண்டலத்தில் சர்க்கரைக்கு விடை கொடுங்கள்' என்று மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. கீழே, முதுகை வளைத்து உள்ளங்காலால் உச்சந்தலையைத் தொடும் ஒரு சிறுமியின் படம். சர்க்கரை நோய்க்கும் அந்தச் சிறுமிக்கும் என்ன தொடர்பு என்று அச்சடிக்கக் கொடுத்தவருக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் அதே நோட்டீஸை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் என் மாடிப்படி ஏறி வந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நோட்டீஸில் இருக்கும் இடத்தில் கட்டணம் அதிகமாம், அதனால் இங்கே வந்தாராம். பாயைக்கூட இன்னும் விரிக்கவில்லை. முதல் கேள்வியே இதுதான்: "டீச்சர், மாத்திரையை எந்த நாளிலிருந்து நிறுத்தலாம்?"

நிறுத்தக் கூடாது என்றேன். அவர் சிரித்தார். போன வருடமே வேறொரு இடத்தில் சேர்ந்து மூன்று வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தாராம். கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. டாக்டர் திட்டித் தீர்த்திருக்கிறார். "அப்போது நான் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை, டீச்சர். நடுவில் நாலு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். இந்தத் தடவை ஒரு நாள்கூட விடமாட்டேன்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புண் வந்தது அவர் காலில். வாக்குக் கொடுத்தது நம்மில் ஒருவர். குற்றத்தைத் தலையில் போட்டுக்கொண்டு அடுத்த ஆசிரியரைத் தேடி வந்தவரும் அவரே.

நாம் நாலு பேர் கூடினால் பேசுவது என்ன? மக்களுக்கு யோகாவைப் பற்றி எத்தனை தப்பான எண்ணங்கள் என்றுதான் அலுத்துக்கொள்கிறோம். நானும் அலுத்துக்கொண்டவள்தான். அந்த எண்ணங்களெல்லாம் எங்கிருந்து முளைத்தன என்று ஒருநாளும் நாம் கேட்டுக்கொண்டதில்லை. நோட்டீஸ் அடித்தது நாம். பேனர் கட்டியது நாம். ஆண்டு விழா மேடையில் பிள்ளைகளை வளைத்துக் காட்டியதும் நாம்தான்.

சர்க்கரையிலிருந்தே தொடங்குகிறேன். ஆசனம் செய்யும்போது தசைகள் வேலை செய்கின்றன. வேலை செய்யும் தசை இரத்தத்திலிருக்கும் குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது. நன்றாகத் தூங்குகிறவர், பதற்றம் குறைந்தவர், நேரத்துக்கு அளவாகச் சாப்பிடுகிறவர் ஆகியோருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வருவது எளிது. என் மாணவர்கள் சிலருக்கு மருத்துவரே பார்த்து மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார். இவ்வளவும் உண்மை, இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் 'குறைத்தார்' என்ற வினைச்சொல்லுக்கு எழுவாய் மருத்துவர். அந்த இடத்தில் நாம் போய் உட்கார்ந்துகொள்கிறோம். இன்சுலின் சுரக்கவே சுரக்காத முதல் வகைச் சர்க்கரை உள்ள ஒரு பிள்ளையின் தாய், நம் நோட்டீஸை நம்பி ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே அந்தப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. நம் நோட்டீஸில் முதல் வகை, இரண்டாம் வகை என்ற பிரிவெல்லாம் உண்டா? 'சர்க்கரை' என்று ஒரே சொல்தான்.

அடுத்து நான் அதிகம் கேட்கும் வாக்கியம்: "எனக்கு உடம்பு வளையாதுங்க, யோகா எல்லாம் சரிப்படாது." மளிகைக்கடையில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், நான் செய்யும் தொழில் தெரிந்தவுடன் முக்கால்வாசிப் பேர் சொல்வது இதைத்தான். குளிக்காமல் குளத்துக்குப் போகக் கூடாது என்பதைப் போன்ற பேச்சு இது. ஆனால் அவர்கள் மேல் எப்படித் தப்புச் சொல்வது? நம் போர்டுகளில் இருக்கும் உடம்புகளைத்தானே அவர்கள் பார்க்கிறார்கள்?

பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் ஏறத்தாழ 195. அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. முதலாவது, உறுதியாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்கிறது. உட்காரும் நிலை, அவ்வளவுதான். சுமார் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை என்ற யோக நூல் விவரிக்கும் ஆசனங்கள் பதினைந்து. அவற்றிலும் பாதிக்கு மேல் உட்கார்ந்து செய்பவை. நம் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகள் கொண்ட அட்டாங்க யோகம் பாடுகிறார். இயமம், நியமம் என்ற ஒழுக்க விதிகள் இரண்டையும் சொன்ன பிறகுதான் ஆதனத்துக்கு, அதாவது ஆசனத்துக்கு, வருகிறார். அவர் பெயர் சொல்லும் ஆதனங்களில் ஒன்று சுகாதனம். சப்பணமிட்டுச் சுகமாக உட்கார்வது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்த நம் பாட்டி ஆயுள் முழுக்க அதைத்தான் செய்தாள்.

வளைக்கும் ஆசையால் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், ஏழு மணி வகுப்புக்கு ஒரு தையற்காரம்மா வந்துகொண்டிருந்தார். வீட்டில் மிதி மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். பத்மாசனத்தில் அவருடைய இடது முட்டி மட்டும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. மாதம் மூன்றாகியும் இறங்கவில்லை. எனக்கு அது என் கற்பித்தலுக்கே வந்த அவமானமாகப் பட்டது. ஒருநாள் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை அவர் முட்டிமேல் வைத்து, "மூச்சை விடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன். ஈரச் சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. அவர் கத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "பரவாயில்லை டீச்சர்" என்று சிரித்தார். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மெஷின்மேல் துணி மூடியிருந்தது. தீபாவளிக்கு முந்தைய மாதம் அது.

அப்படி அழுத்தத்தான் எனக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். என் ஆசிரியர் முதுகில் ஏறி நிற்பார். நாங்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பத்மாசனத்தில் கால் எங்கே திரும்புகிறது என்பதை அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு எலும்பு மருத்துவரிடம் போய் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் வெளிப்பக்கமாகச் சுழல வேண்டும். அந்தக் கிண்ணம் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. எலும்பில் எலும்பு இடித்து நின்ற பிறகும் பாதத்தை இழுத்துத் தொடைமேல் ஏற்றினால், மீதித் திருகலை முட்டிதான் வாங்கிக்கொள்ளும். முட்டி கதவுக் கீலைப் போன்றது, மடங்கும், நீளும். திருகினால் உள்ளே இருக்கும் குருத்தெலும்புத் தட்டு நசுங்கும், கிழியும். 'பழகப் பழக வளையும்' என்கிறோமே, அது தசைக்குப் பொருந்தும். எலும்பின் அமைப்பு நாற்பது வயதில் மாறாது. அந்த அம்மாவின் முட்டி இறங்காமல் நின்றது அவருடைய சோம்பலாலும் இல்லை, என் கற்பித்தலின் குறையாலும் இல்லை. அவருடைய இடுப்பு அப்படிப் பிறந்தது.

வலித்தால்தான் பலன் என்று இன்றும் நம்மில் பலர் வகுப்பில் சொல்கிறார்கள். யோகத்தைக் கெடுப்பவை ஆறு என்று ஹடயோகப் பிரதீபிகை பட்டியலிடும்போது, மிதமிஞ்சிய உணவுக்கு அடுத்தபடியாக மிதமிஞ்சிய உழைப்பைத்தான் வைக்கிறது. அதிகப் பேச்சும் அதே பட்டியலில் இருக்கிறது. அதை நான் கவனிக்காதது போல இருந்துவிடுகிறேன்.

இனி மூச்சு. கொரோனா காலத்தில் வீட்டுக்கு ஒன்றாக வாங்கிய விரல் கவ்வியை, அதுதான் ஆக்சிமீட்டரை, இப்போதும் பலர் பீரோவில் வைத்திருப்பார்கள். 'பிராணாயாமம் செய்தால் உடம்பெங்கும் ஆக்சிஜன் பாயும்' என்று வருடக்கணக்கில் சொல்லி வந்தவள் நான். ஒருநாள் ஒரு கல்லூரி மாணவி, இயற்பியல் படிப்பவள், அந்தக் கருவியைக் கொண்டுவந்து என் விரலில் மாட்டிவிட்டாள். தொடங்கும் முன் 98. பத்து நிமிடம் நாடிசுத்தி, அதாவது மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூடி மூச்சு விடும் பயிற்சி, செய்த பிறகு 98. நடுவில் ஒரு தடவை 99 காட்டிவிட்டு இறங்கியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

நலமாக இருப்பவரின் இரத்தம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நூற்றுக்கு 95-க்கு மேல் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டுதான் ஓடுகிறது. நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்? வேகவேகமாக மூச்சை வெளியேற்றும்போது குறைவது கரியமில வாயு. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், உதடும் விரல் நுனியும் மரக்கும். இப்படி வேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதியை நூறு, இருநூறு என்று ஏற்றிக்கொண்டே போய், மாணவி மயங்கிச் சாய்ந்தபோது 'சக்தி எழும்புகிறது, பயப்படாதே' என்று தட்டிக்கொடுத்த ஆசிரியரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டிய பெண்ணைச் சுற்றிப் பத்துப் பேர் கைகூப்பி நின்றார்கள்.

இதனால் பிராணாயாமம் வீண் என்றாகிவிடாது. மெல்ல இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணிகிறது, உடம்பு ஓய்வு நிலைக்குப் போகிறது. அந்த மாணவியின் கருவியிலேயே இதுவும் தெரிந்தது: ஆக்சிஜன் எண் அசையவில்லை, பக்கத்தில் ஓடும் நாடித் துடிப்பின் எண் 82-லிருந்து 70-க்கு இறங்கியிருந்தது. நான் அத்தனை வருடமும் தப்பான எண்ணைக் காட்டி விற்றுக்கொண்டிருந்தேன். 'காற்றைப் பிடிக்கும் கணக்கு' என்றார் திருமூலர். கணக்கை விட்டுவிட்டு நாம் காற்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். சிங்கத்தையும் யானையையும் புலியையும் மெல்ல மெல்லப் பழக்குவது போல மூச்சைப் பழக்க வேண்டும், தவறினால் அது பழகுகிறவனையே கொன்றுவிடும் என்று ஹட நூலும் எச்சரிக்கிறது. இருபது நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

சிரசாசனத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். நரை வராது, ஞாபக சக்தி பெருகும், மூளைக்கு இரத்தம் பாயும் என்பவை நம் வழக்கமான வசனங்கள். நாம் நின்றாலும் தலைகீழாக நின்றாலும் மூளை தனக்கு வேண்டிய இரத்த அளவைத் தானே சீர்ப்படுத்திக்கொள்கிறது. கண்ணுக்கு அந்த வசதி அவ்வளவு இல்லை. சிரசாசனத்தில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பது தெரியாமலேயே நடமாடுகிறவர்கள் ஏராளம். சேரும்போது 'கண் பரிசோதனை செய்துகொண்டீர்களா' என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்குகிறோம்.

எதற்கெடுத்தாலும் 'ஐயாயிரம் ஆண்டுப் பழமை' என்பது இன்னொரு வழக்கம். இன்று பள்ளி மைதானங்களில் வரிசையாக நின்று செய்யும் சூரிய நமஸ்காரத்தை ஒரு தேகப்பயிற்சி முறையாக வளர்த்துப் பரப்பியவர் மராட்டிய அவுந்த் சமஸ்தானத்தின் மன்னர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி, 1920-களில். நூறு வயதுதான் ஆகிறது. சூரியனை வணங்குவது பழையது, இந்தப் பயிற்சிக் கோவை புதியது. புதியது என்றால் மதிப்புக் குறைந்துவிடுமா? எனக்குப் பிடித்த பயிற்சி அது, தினமும் செய்கிறேன். பொய்யான வயதைச் சொல்லித்தான் அதற்கு மரியாதை தேட வேண்டும் என்பதில்லை.

நவீன ஆசனப் பயிற்சிக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் கிருஷ்ணமாச்சாரியார். 1930-களில் மைசூர் அரண்மனையில் இளம் பையன்களுக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தார். ஊர் ஊராகப் போய் அவர்களை வைத்துச் செய்து காட்டவும் செய்தார். அந்தப் படங்களைத்தான் நாம் இன்றும் சுவரில் மாட்டுகிறோம். அதே மனிதர் 1950-களில் சென்னைக்குக் குடிவந்த பிறகு, நோயாளிகளையும் வயதானவர்களையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து, நாடி பிடித்து, அவரவர் மூச்சுக்கு ஏற்றபடி பயிற்சி அமைத்துக் கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கி அந்த முறையை வளர்த்தார். கிருஷ்ணமாச்சாரியாரின் இன்னொரு மாணவரான பி.கே.எஸ். ஐயங்கார், கட்டை, வார், கயிறு, நாற்காலி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் துணைக்கு எடுத்துக்கொண்டு, வளையாத உடம்புகளுக்கும் ஆசனத்தைக் கொண்டுபோனார். மைசூர்ப் பையன்களின் படம் நமக்குப் பிடித்துவிட்டது. சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நோயாளியின் படம் யாரிடமும் இல்லை.

ஐ.நா. சபை 2014 டிசம்பர் 11 அன்று யோகா நாளை அறிவித்தபோது நானும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு ஜூன் 21 அன்று டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒன்றாகச் செய்து உலகச் சாதனை படைத்தார்கள். அன்றிலிருந்து நமக்கும் தலைக்கணக்கு நோய் பிடித்துவிட்டது. பள்ளி மைதானத்தில் ஒன்பது மணி வெயிலில் எழுநூறு பிள்ளைகள், மைக்கில் ஒரு குரல், எல்லோருக்கும் ஒரே ஆசனம், ஒரே மூச்சு. ஆஸ்துமா இருக்கும் பிள்ளையும் காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையும் மாதவிடாய் வலியில் நெளியும் பிள்ளையும் அதே வரிசையில்தான். யோகாசனம் 2020 டிசம்பரிலிருந்து அரசு ஏற்ற போட்டி விளையாட்டாகவும் ஆகியிருக்கிறது. இருக்கட்டும். ஜிம்னாஸ்டிக்ஸைப் போல அதற்கும் அழகு உண்டு, உழைப்பு உண்டு. பதக்கம் வாங்கிய பிள்ளையின் படத்தைப் போட்டு மூட்டுவலிக்காரரை வகுப்புக்கு இழுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

மதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் இரண்டு பக்கமும் கோபம் வரும். என் வகுப்பில் அடுத்த தெருவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அம்மா நான்கு வருடமாக வருகிறார். முதல் நாள் வாசலிலேயே நின்று, "ஓம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்டார். ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணிக்கொண்டே மூச்சை விடுங்கள் என்றேன். எண்ணுகிறார். பக்கத்துப் பாயில் இருப்பவர் ஓம் சொல்கிறார். இந்தக் கலை எந்த மண்ணில், எந்த மரபுகளுக்குள் வளர்ந்தது என்பதை நான் யாரிடமும் மறைப்பதில்லை. தோள்பட்டை வலி உள்ளவரிடம் அதற்காக நுழைவுச்சீட்டும் கேட்பதில்லை.

ஆக, உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நோட்டீஸில் 'குணமாகும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'துணை செய்யும்' என்று போடுங்கள். அச்சகத்தில் கூடுதல் காசு கேட்க மாட்டார்கள். சேர வருபவரிடம் பிரஷர், கண், கழுத்து, குடலிறக்கம், கர்ப்பம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்தவர் உடம்பின்மேல் கை வைக்கும் முன் அனுமதி கேளுங்கள், வைத்தால் அழுத்தாதீர்கள். ஒரு கேள்விக்கு விடை தெரியாவிட்டால் 'டாக்டரைக் கேளுங்கள்' என்று சொல்லுங்கள். முதல் தடவை நாக்கு கூசும், எனக்கும் கூசியது. கூட்டம் குறையுமே என்பீர்கள். குறையத்தான் செய்யும். என் காலை வகுப்பில் நாற்பதாக இருந்தவர்கள் இருபத்தாறு ஆனார்கள். வாடகை கொடுக்க மாலை வகுப்பைச் சேர்த்தேன்.

கண்டக்டர் ஐயா இப்போது அந்த மாலை வகுப்பில்தான் இருக்கிறார். சுவரோரமாக ஒரு மர நாற்காலி அவருக்கு. மாத்திரையை நிறுத்தவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் "இப்பவாவது நிறுத்தலாமா?" என்று கேட்கிறார், நானும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் "டாக்டரைக் கேளுங்கள்" என்கிறேன்.

போன வாரம் வாசலில் இருந்த என் பழைய போர்டை அழித்து எழுத ஒரு பெயிண்டரை வரவழைத்தேன். அதில் பத்மாசனத்தில் ஒருவர் அமர்ந்திருக்க, பின்னால் சூரியன் உதிக்கும். அதற்குப் பதிலாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரை வரையச் சொன்னேன். அவர் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "அம்மா, இப்படிப் போட்டால் வருகிறவர்கள் பஞ்சாயத்து ஆபீஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். சூரியனையாவது விட்டுவைக்கட்டுமா?" என்றார். சரி என்றேன்.

அன்புடன்,
மொட்டைமாடி வகுப்பு ஆசிரியை,
திருச்சி